துணைக்கும் ஒரு துணை வேண்டும்

மனநலப் பிரிவில் சிகிச்சை முடிந்து ஒருவர் வீடு திரும்பும் நாளில், மருந்துச் சீட்டோடும் மறுவருகைத் தேதியோடும் ஒரு வாக்கியமும் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்படுகிறது: "இனி வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்." சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். கேட்பவரும் மறுப்பின்றித் தலையசைக்கிறார். ஆனால் 'பார்த்துக்கொள்வது' என்னும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கும் வேலைகளை யாரும் எண்ணிச் சொல்வதில்லை. வேளைதோறும் மாத்திரை, உறக்கம், உணவு, இரவில் ஒரு கண் விழிப்பு, மாதந்தோறும் மருத்துவமனைப் பயணம், அதற்காக இழக்கும் ஒருநாள் கூலி, உறவினரின் கேள்விகளுக்குப் பதில், திருமண வீடுகளுக்குச் செல்வதா வேண்டாமா என்ற தயக்கம், இவற்றுக்கெல்லாம் நடுவே தன் சோர்வை மறைத்துக்கொள்ளுதல் ஆகிய அனைத்தும் அதற்குள் உண்டு.

மனநலச் சிகிச்சை சமூகத்துக்குள்ளேயே, குடும்பத்தின் துணையோடு நடைபெற வேண்டும் என்பதில் இக்கட்டுரைக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதைச் செய்யும் முறையைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. குடும்பத்தைச் சிகிச்சையில் பங்கேற்கச் செய்வது ஒன்று. சிகிச்சையின் சுமை முழுவதையும் குடும்பத்தின் தலையில் இறக்கிவைப்பது வேறொன்று. முதலாவதன் பெயரைச் சொல்லிக்கொண்டு இரண்டாவதை நாம் செய்துவருகிறோம் என்பதே என் கருத்து.

நம் நாடு கண்ட வழி

குடும்பத்தின் பங்கேற்பு மேலைநாட்டிலிருந்து நாம் கடன்வாங்கிய கருத்து எனச் சிலர் எண்ணுகின்றனர். உண்மையில் இதில் இந்தியா முன்னோடி. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் இடமும் போதவில்லை, பணியாளரும் போதவில்லை. அங்கே பொறுப்பிலிருந்த மருத்துவர் வித்யா சாகர், மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அமைத்து, நோயாளிகளோடு அவர்களுடைய உறவினரையும் தங்கச் செய்தார். தேவையால் பிறந்த அந்த ஏற்பாடு பெரிய பாடம் ஒன்றைக் கற்பித்தது. உறவினர் உடனிருந்தபோது நோயாளிகளின் அச்சம் தணிந்தது. நோயைப் பற்றி அறிந்துகொண்ட உறவினர், வீடு திரும்பிய பின்னரும் அவர்களைக் கைவிடவில்லை. அதே காலகட்டத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும், நோயாளியோடு குடும்பத்தார் ஒருவர் தங்கியிருக்கும் முறையைக் கைக்கொண்டது. உயர்ந்த மதில்களுக்குள் நோயாளிகளை அடைத்துவைப்பதே பல நாடுகளின் வழக்கமாக இருந்த காலம் அது.

பின்னர் 1982-இல் தேசிய மனநலத் திட்டமும், 1996-இல் மாவட்ட மனநலத் திட்டமும் தொடங்கப்பட்டன. பெருநகரத்து மருத்துவமனையைத் தேடி ஓடாமல், மாவட்டத்திலேயே சிகிச்சை பெறும் வழி இவற்றால் திறந்தது. ஆயினும் தேவை மிகப் பெரிது. 2015-16-ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு, இந்தியாவில் வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றோடு வாழ்வதாகக் கண்டறிந்தது. சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதவர்களின் விகிதம், நோய்க்கேற்ப 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தது. இந்த இடைவெளியை இன்றுவரை ஓரளவேனும் நிரப்பி நிற்பது குடும்பங்களே.

குடும்பம் அறிந்தது

மாதம் ஒருமுறை சில நிமிடங்கள் நோயாளியைச் சந்திக்கும் மருத்துவரால் காண இயலாத பலவற்றை, அன்றாடம் உடனிருப்பவர் காண்கிறார். மனச்சிதைவு நோயோ இருதுருவ மனநிலைக் கோளாறோ மீண்டும் தலைதூக்குமுன் பெரும்பாலும் சில அடையாளங்களைக் காட்டும். உறக்கம் குறைதல், குளியலையும் உணவையும் தவிர்த்தல், காரணமற்ற சந்தேகம், பேச்சில் திடீர் வேகம், கதவைச் சாத்திக்கொண்டு தனித்திருத்தல் போன்றவை அவை. ஒவ்வொருவருக்கும் இந்த அடையாளங்கள் வேறுபடும். எது தன் மகனுக்குரிய முதல் அறிகுறி என்பதை அவனுடைய தாய் அறிவார். பல வேளைகளில் அவனே அறிவான். அந்த அறிவு மருத்துவரின் கோப்பில் இடம்பெறுவதில்லை என்பதுதான் வருத்தத்துக்குரியது.

மருந்தின் பக்கவிளைவுகளும் அவ்வாறே. எடை கூடுகிறது, கை நடுங்குகிறது, காலையில் எழுந்திருக்க இயலவில்லை என்பதையெல்லாம் வீட்டில் இருப்பவரே முதலில் கவனிக்கிறார். லித்தியம் உட்கொள்வோருக்கு உரிய இடைவெளிகளில் இரத்தப் பரிசோதனை தேவை. அதை நினைவில் வைத்திருப்பவரும் பெரும்பாலும் குடும்பத்தாரே. இவ்வளவு செய்பவரைச் சிகிச்சைக் குழுவின் உறுப்பினராகக் கருதாமல், நோயாளியை அழைத்துவந்து அழைத்துச்செல்லும் துணையாள் என்று மட்டும் கருதுவது முறையாகாது.

வீட்டின் பேச்சு

வீட்டுச் சூழலுக்கும் நோயின் போக்குக்கும் உள்ள தொடர்பு ஆராய்ச்சிகளால் நிறுவப்பட்ட ஒன்று. லண்டனில் ஜார்ஜ் பிரவுனும் அவருடைய குழுவினரும் 1972-இல் வெளியிட்ட ஆய்வு, மனச்சிதைவு நோயிலிருந்து தேறி வீடு திரும்பியோரைத் தொடர்ந்து கவனித்தது. இடைவிடாத குறைகூறலும், வெறுப்பும், மூச்சுவிட இடம்தராத அளவுகடந்த தலையீடும் நிறைந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் மீண்டும் வருவது மிகுதியாக இருந்தது. பின்னாளில் சண்டிகரில் நடைபெற்ற ஆய்வில், இத்தகைய சூழல் கொண்ட வீடுகள் லண்டனைவிடக் குறைவாகவே காணப்பட்டன.

இதைப் படிக்கும் பெற்றோர் எவரும், 'எங்களால்தான் இந்த நோய் வந்ததோ' என்று மனம் நோக வேண்டாம். அந்த ஆய்வுகள் அவ்வாறு சொல்லவில்லை. நோயைக் குடும்பம் உண்டாக்குவதில்லை. ஆனால் நோயின் பின்னணியை அறியாத குடும்பம், நோயின் அறிகுறியைக் குணக்கேடாகப் புரிந்துகொள்கிறது. படுக்கையை விட்டு எழாத மகனைச் சோம்பேறி என்கிறது. யாரோடும் பேசாத மருமகளைத் திமிர் பிடித்தவள் என்கிறது. இவை நோயின் கூறுகள் என்று பொறுமையாக விளக்கப்பட்ட வீடுகளில் பேச்சின் தொனியே மாறுகிறது. குடும்பத்தாருக்கு முறையான விளக்கமும் பயிற்சியும் தரப்படும்போது நோய் மீள்வது குறைகிறது என்பதும் பல நாடுகளின் ஆய்வுகளில் உறுதிப்பட்டுள்ளது. அப்படியானால் அந்த விளக்கம் மருந்தைப் போலவே சிகிச்சையின் ஒரு பகுதி. மருந்தை எழுதிக்கொடுத்துவிட்டு விளக்கத்தை விட்டுவிடுவது, பாதிச் சிகிச்சையே ஆகும்.

கைவிடப்பட்ட குடும்பங்கள்

துணையற்ற குடும்பத்துக்கு என்ன நேரும் என்பதற்கு நம் மாநிலமே சாட்சி. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பிக்க இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். காப்பகம் நடத்தியோரை நாடே கண்டித்தது; அது நியாயமே. ஆனால் அங்கிருந்தோரில் பலரை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் அவர்களுடைய பெற்றோரும் உடன்பிறந்தோருமே என்பதையும் நாம் மறக்கலாகாது. அன்பில்லாமல் அவர்கள் அதைச் செய்தார்கள் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. அருகில் சிகிச்சை இல்லை. நோயென்று சொல்லித்தர ஆள் இல்லை. இரவும் பகலும் ஒருவரைக் காத்துக்கொண்டு பிழைப்பையும் பார்க்க வழி இல்லை. தர்காவின் அருளை நம்பிய மனமும், கையறு நிலையும் சேர்ந்து அவர்களை அங்கே இட்டுச்சென்றன.

இன்று எவரையும் எந்த வகையிலும் சங்கிலியால் பிணைப்பதை மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 தடைசெய்கிறது. ஏர்வாடியிலும் வழிபாட்டோடு மருத்துவமும் கிடைக்கும் ஏற்பாடு வந்துள்ளது. இருப்பினும் அக்குடும்பங்கள் அன்று அனுபவித்த தனிமை முற்றாக ஒழிந்துவிட்டதாகச் சொல்ல இயலாது. பெரும்பாலான வீடுகளில் பராமரிப்பு முழுவதும் ஒரே ஒருவரிடம், அதாவது தாயிடமோ மனைவியிடமோ போய்ச் சேருகிறது. அவருக்கு விடுப்பு இல்லை. மாற்று ஆள் இல்லை. அவருக்கே முதுகுவலியும் இரத்த அழுத்தமும் மனச்சோர்வும் வந்தால் அதைக் கேட்பாரும் இல்லை.

நோயாளியின் குரல்

இங்கே ஒரு மறுப்பு எழும். எல்லாக் குடும்பங்களும் அன்பின் இருப்பிடங்கள் அல்ல. சொத்துக்காகவும் மானத்துக்காகவும் நோயாளியை ஒடுக்குகிற குடும்பங்களும் உண்டு. குடும்பத்துக்கு அதிக இடம் கொடுத்தால் நோயாளியின் உரிமை பறிபோகாதா என்பதே அது. இந்த அச்சம் உண்மையானது. நோயோடு வாழும் வாசகர்கள் பலர் இதை உள்ளூர உணர்ந்திருப்பீர்கள். மருத்துவர் அறையில் உங்களைப் பற்றி உங்கள் முன்னிலையிலேயே மற்றவர்கள் பேச, நீங்கள் மௌனமாக அமர்ந்திருந்த நாள்கள் இருந்திருக்கும்.

இதற்கான விடை சட்டத்திலேயே இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் சட்டப்படி, தமக்கு நியமனப் பிரதிநிதியாக யார் இருக்க வேண்டும் என்பதை, வயதுவந்த நோயாளி தாமே தேர்ந்தெடுக்கலாம். வெற்றுத் தாளில் எழுதிக் கையொப்பமோ பெருவிரல் ரேகையோ இட்டால் போதும். அவர் உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம்பிக்கைக்குரிய நண்பராகவும் இருக்கலாம். அந்த நியமனத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றவும் செய்யலாம். நோய் கடுமையாகும் காலத்தில் எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை, தெளிவாக இருக்கும் காலத்திலேயே முன்கூட்டிய வழிகாட்டுதலாக எழுதிவைக்கவும் சட்டம் இடமளிக்கிறது. பிரதிநிதியாக வருபவர், தம் விருப்பத்தையன்றி, நோயாளியின் முன்னைய, இன்றைய விருப்பங்களையும் நலனையும் கருதியே செயல்பட வேண்டும்.

ஆகவே குடும்பத்தின் பங்கேற்பும் நோயாளியின் உரிமையும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. நோயாளி அழைத்து அமர்த்திய இடத்தில் குடும்பம் அமர வேண்டும், அவ்வளவே. இதற்கு அன்றாட வாழ்வில் ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மாத்திரை வேண்டாமென்று மறுப்பவருக்குக் காபியிலோ குழம்பிலோ கலந்து கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் பரவலாக உண்டு. அந்நேரத் தவிப்பு புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் ஒருநாள் அது தெரியவரும்போது, மருந்தின் மீது மட்டுமன்றி வீட்டுச் சோற்றின் மீதும் அவருக்கு நம்பிக்கை போய்விடுகிறது. அதைவிட, அவர் ஏன் மறுக்கிறார் என்று கேட்பது மேல். தூக்கக் கலக்கம் காரணமாயின் வேளையையோ மருந்தையோ மாற்றலாம். நாள்தோறும் விழுங்குவது சலிப்பாயின், சிலருக்கு நீண்டகாலம் செயல்படும் ஊசி பொருந்தக்கூடும். இவற்றை முடிவுசெய்ய நோயாளி, குடும்பத்தார், மருத்துவர் மூவரும் ஒருங்கே அமர்ந்து பேச வேண்டும்.

மருத்துவமனையும் அரசும் செய்ய வேண்டியவை

குடும்பத்துக்கு உதவுவது கருணைச் செயல் அன்று. நோயாளியின் குடும்பத்துக்கு ஆதரவளிக்கும் சேவைகளையும் வீட்டிலேயே மறுவாழ்வளிக்கும் சேவைகளையும் அரசு ஏற்படுத்த வேண்டுமென்று மேற்சொன்ன சட்டமே கூறுகிறது. அதன் அடிப்படையில் சிலவற்றை நாம் கேட்பது தகும்.

முதலாவதாக, வீடு திரும்பும் நாளில் வாய்ச்சொல்லோடு நில்லாமல், எளிய தமிழில் எழுதப்பட்ட ஒரு திட்டம் தரப்பட வேண்டும். எந்த மருந்து எதற்கு, எந்த அறிகுறி கண்டால் காத்திராமல் வர வேண்டும், இரவில் நெருக்கடி நேர்ந்தால் யாரை அழைப்பது என்பவை அதில் இருக்க வேண்டும். நோயாளியும் அதைப் படித்து ஏற்றிருக்க வேண்டும்.

இரண்டாவதாக, நோயாளியின் இசைவோடு குடும்பத்தாருக்கெனத் தனியே நேரம் ஒதுக்கப்பட வேண்டும். கூட்டம் மிகுந்த புறநோயாளிகள் பிரிவில் மருத்துவரால் இது இயலாதென்றால், மனநலச் சமூகப் பணியாளரோ செவிலியரோ அப்பொறுப்பை ஏற்கலாம்.

மூன்றாவதாக, மருந்து வீட்டுக்கு அருகே கிடைக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வாயிலாக வீட்டுக்கே மாத்திரை வருகிறது. மனநோய்க்கான தொடர் மருந்துக்கு மட்டும் ஏன் ஒரு தாய் இரண்டு பேருந்து மாறி வர வேண்டும்? புதுக்கோட்டை மாவட்டத்தில் ஸ்கார்ஃப் அமைப்பு, தொலைமருத்துவ வசதி கொண்ட பேருந்தைக் கிராமங்களுக்கே அனுப்பி, ஆலோசனையும் மருந்தும் வழங்கிக் காட்டியிருக்கிறது. வழி இருக்கிறது, விரிவுபடுத்துவதே எஞ்சியுள்ளது.

நான்காவதாக, வீடு தேடி வரும் பணியாளர் வேண்டும். காஞ்சிபுரம், கோவா, சதாரா ஆகிய இடங்களில் மனச்சிதைவு நோயாளிகள் 282 பேரிடம் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடுகளுக்கே சென்று நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் துணைபுரிந்தனர். மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, இத்துணையும் பெற்றவர்களிடம் அறிகுறிகளும் இயலாமையும் ஓரளவு கூடுதலாகக் குறைந்தன. பெரிய அதிசயம் நிகழ்ந்ததாக அந்த ஆய்வு கூறவில்லை. ஆனால் அதிசயத்துக்குக் காத்திராமல் செய்யக்கூடிய வேலை இது.

ஐந்தாவது, யாவற்றிலும் கடினமானது. "எங்களுக்குப் பின் யார்?" என்னும் கேள்வி அது. எழுபது வயதைக் கடந்த பெற்றோர் பலர் இக்கேள்வியோடுதான் உறங்கச் செல்கின்றனர். குடும்பம் இல்லை, அல்லது குடும்பம் ஏற்கவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிறுவனத்திலேயே வைத்திருக்கலாகாது என்றும், சமூகத்தில் வாழ்வது அவருடைய உரிமை என்றும் சட்டம் சொல்கிறது. சென்னையில் 1993-இல் தொடங்கப்பட்ட தி பேனியன் அமைப்பின் 'ஹோம் அகெய்ன்' திட்டம், நீண்டகாலம் நிறுவனங்களில் இருந்தவர்களைச் சிறு குழுக்களாக, சாதாரணத் தெருவில் உள்ள வாடகை வீடுகளில், பணியாளர் துணையோடு குடியமர்த்துகிறது. இத்தகைய வீடுகள் ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டும். பராமரிப்பவர் சில நாள் ஓய்வெடுக்கவோ அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளவோ வேண்டியபோது, நோயாளி நம்பிக்கையோடு தங்கக்கூடிய குறுகியகாலத் தங்குமிடங்களும் வேண்டும்.

நம்மால் இப்போதே இயன்றவை

அரசும் மருத்துவமனையும் செய்யும்வரை காத்திருக்க வேண்டிய தேவை இல்லாத சிலவும் உண்டு. பராமரிப்பை ஒருவரிடமே விட்டுவிடாதீர்கள். மாத்திரையை அம்மா கவனித்தால், மருத்துவமனைக்கு அண்ணன் அழைத்துச் செல்லட்டும். மாலையில் நடைப்பயிற்சிக்குச் சித்தப்பா உடன் செல்லட்டும். உறக்கம், மருந்து, மனநிலை ஆகியவற்றை நாள்தோறும் இரண்டு வரி எழுதிவைக்கும் குறிப்பேடு ஒன்று இருந்தால், மருத்துவரிடம் கிடைக்கும் சில நிமிடங்கள் வீணாகா. அக்குறிப்பேட்டை நோயோடு வாழ்பவரே எழுதினால் மிக நன்று.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மனநோயையும் இயலாமைகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. இயலாமை 40 சதவீதமோ அதற்கு மேலோ என மருத்துவர் சான்றளித்தால், உரிய சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். 'பட்டம் கட்டிவிடுவார்களே' என்ற தயக்கத்தால் இந்த உரிமையைக் கைவிடும் குடும்பங்கள் பல. சமூகப் பணியாளரிடம் ஒருமுறை பேசிவிட்டு முடிவெடுங்கள். நெருக்கடி வேளையில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். நோயாளிக்காக மட்டுமின்றி, உங்களுக்காகவும் அழைக்கலாம். இதே பாதையில் நடக்கும் பிற குடும்பங்களோடு பேசுங்கள். புறநோயாளிகள் பிரிவில் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவர், உங்கள் உறவினர் எவரையும்விட உங்களை நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர்.

குடும்பம் இல்லாமல் சமூக மனநலப் பராமரிப்பு இல்லை என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. அது உண்மையாயின், அந்தக் குடும்பம் தளராமல் நிற்பதற்கு வேண்டியதைச் செய்வதும் பராமரிப்பின் பகுதியே. அடுத்தமுறை மருத்துவமனைக்கு வரும்போது, நோயாளியின் நலத்தைச் சொல்லிமுடித்த பிறகு, உங்கள் நலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியது எங்கள் கடமை.